தண்ணி வரட்டும் என்றவர்

என் வீட்டுக்காரரை அவருடைய நண்பர்கள் முயல் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஆள் ஒன்றும் முயல் மாதிரி இல்லை. வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது, அவ்வளவு அகலம். பெயர் வந்தது பயத்தினால். நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், மாடிப்படியில் கைப்பிடி இல்லாவிட்டால் பயம். கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படுத்தவர் எழுந்து போய்ப் பார்ப்பார். திரும்ப வந்து படுத்து, "இப்ப மூடியிருந்ததைப் பாத்துட்டு வந்தேனா, இல்ல திறந்து விட்டுட்டு வந்துட்டேனா?" என்று என்னைக் கேட்பார். கல்யாணமான புதிதில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பதினான்கு வருஷத்தில் பழகிப்போயிற்று என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் பழகவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பயம் தண்ணீர். பதினொரு வயதில் கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் தேங்கிய நீரில் விழுந்திருக்கிறார். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷன் செய்கிற தொழில் என்ன தெரியுமா? வாஷிங் மெஷின் ரிப்பேர்!

நான் லாண்டரிக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கடை மெஷின் ஒன்று சுற்றாமல் நின்றபோது பார்க்க வந்தவர்தான் இவர். பிளக்கைப் பிடுங்கினார், சுவிட்சை அணைத்தார், மெயினையும் அணைக்கச் சொன்னார், அதற்கும் பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். கடை முழுக்க இருட்டு, வாடிக்கையாளர்கள் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாரே என நினைத்தேன், அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர் என்பது பிறகுதானே தெரிந்தது!

"மெஷினுக்குள்ள தண்ணியும் கரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுல குடியிருக்கு. நடுச்சுவர் ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான் நம்ம வேலை" என்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்த நடுச்சுவர் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அதை வேலையோடு விட்டாரா? வீட்டு அழைப்பு மணிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, குளியலறைச் சுவிட்சுக்கு ரப்பர் மூடி. ஒரு தடவை என் கைப்பேசியின் சார்ஜ் துளையை மெழுகு வைத்து அடைத்துவிட்டார். அன்றைக்கு வீடு இரண்டு பட்டது.

இந்தக் கிறுக்கு முற்றிப்போய் அவரைக் கொண்டு சேர்த்த இடம்தான் ரிமோட் லாரி. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும் ஒரு லாரி, வண்டிக்குப் பொருந்தாத பெரிய சக்கரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர், ஒரு வேன் டிரைவர், இவர், எல்லாம் நரைத்த தலைகள், ஒரு காலி மனையில் கூடி அந்த லாரிகளைக் கல்லிலும் சேற்றுக் குட்டையிலும் ஏற்றி இறக்குவார்கள். குட்டையில் இறங்கிய வண்டி பொசுக்கென்று செத்துப்போகும். உள்ளே மூன்று சாமான்கள் இருக்கின்றன. கையிலிருக்கும் ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவர், முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ என்கிற குட்டி மோட்டார், ஓட்டும் மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடலாம் என்று அளந்து கொடுக்கும் கண்ட்ரோலர். இதில் எது நனைந்தாலும் கதை முடிந்தது. ஆகவே நண்பர்கள் எல்லோரும் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து இவர் மடியில் போட்டார்கள்.

சர்க்யூட் போர்டை ஸ்பிரிட் தொட்டுப் பல் துலக்கும் பிரஷால் கழுவுவார். காய்ந்ததும் ஒயர் சொருகும் இடங்களுக்கு மட்டும் டேப் ஒட்டிவிட்டு, மிச்ச இடமெல்லாம் நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாகப் பூசுவார். சர்வோவின் மூடி இடுக்குகளில் கிரீஸ் தடவுவார். பிறகு ரிசீவரையும் கண்ட்ரோலரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, ஒயர் வெளியே வரும் துளைகளைச் சிலிக்கான் பசையால் அடைப்பார். பசை ட்யூபைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பது வழக்கம். வினிகர் வாடை அடித்தால் அந்தப் பசை குளியலறை இடுக்குக்குத்தான் ஆகும், ஒயரின் செம்பை அரித்துவிடுமாம். கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் அமுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிடுவார். ஒரு நாள் முழுக்க ஊறும். எடுத்துத் திறந்து, டிஷ்யூவை உதட்டில் வைத்துப் பார்ப்பார். விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும் என்பார். அந்தப் பரீட்சையில் தேறாத எந்த வண்டியும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியது கிடையாது.

அதில் அவர் செய்த ஒரு தப்பை அவரே பிறகு என்னிடம் சொன்னார். கண்ட்ரோலர் சூடாகிற சாமான். அதன் தலையில் சின்ன ஃபேன் இருக்கும், காற்று பட்டு ஆறுவதற்கு. இவர் அந்த ஃபேனைக் கழற்றி வீசிவிட்டு, அதையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். "முயலு, அதுக்கு மூச்சு விட இடம் குடுய்யா" என்று பல் டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "காத்து போற வழியில தண்ணி வராதா டாக்டர்?" என்று இவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. குட்டையில் இரண்டு நிமிஷம், கரையில் நாலு நிமிஷம், வண்டி சூடாவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான். கேபிள் போடும் கம்பெனியில் வேலை. அங்கே அவனுக்குப் பெயர் ஊசி. அவ்வளவு ஒல்லி. சட்டை எடுக்க இன்றைக்கும் நான்தான் கூடப் போக வேண்டும், தோளுக்குச் சரியாக இருந்தால் கை குட்டையாக இருக்கும். அவனுக்கு முழுநேரப் பொழுதுபோக்கு என் வீட்டுக்காரரைப் பயமுறுத்துவது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து "மாமா!" என்று கத்துவான், இவர் காப்பியைக் கொட்டிக்கொள்வார், நான் இரண்டு பேரையும் திட்டுவேன்.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும், சுள்ளென்று வெயில். இவர் முந்தின நாள் மாலை பசை போட்ட லாரியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு பக்கெட் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கழுத்தில் ரிமோட் தொங்கியது. அப்போது தம்பியோடு வேலை செய்கிறவர் ஒருவர் வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றார். ஆள் வெளிறிப்போயிருந்தார்.

"அக்கா, ஊசி குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டான். முட்டி நழுவிடுச்சு, நகர முடியல. தண்ணி வேற ஏறுது."

 செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த இடம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் இவரும் ஓடி வருகிறார், லாரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு!

"என் தம்பி குழாய்க்குள்ள கிடக்கிறான், நீங்க பொம்மையைத் தூக்கிட்டு வர்றீங்களே!" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் தன் கையையே குனிந்து பார்த்தார். அது கையில் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ரோட்டோரத்தில் ஒரு குழி, இரும்பு மூடியைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அதன் அடியிலிருந்து மழைநீர்க் குழாய் ஒன்று சாய்வாகக் கீழிறங்கி, தூரத்தில் இருக்கும் கால்வாயில் போய்ச் சேருகிறது. அந்த முனையில் கம்பி வலை போட்டு அடைத்திருக்கிறது. குழாய்க்குள் கேபிளைத் தள்ளுகிற நீளமான கம்பி உடைந்து உள்ளேயே நின்றுவிட, அதை எடுக்கத்தான் தம்பியை அனுப்பியிருக்கிறார்கள். குழாயில் எட்டு மீட்டர் தூரத்தில் வேறொரு குழாய் குறுக்கே போகிறது. அந்த இடுக்கில் நுழையக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். முப்பது மீட்டர் போய், திரும்புவதற்காக உடம்பை வளைத்தபோது முட்டி நழுவியிருக்கிறது. எங்களூரில் வெயில், ஆனால் மேலே எங்கேயோ கொட்டிய மழை கால்வாயில் வந்து, கால்வாய் குழாய்க்குள் ஏற ஆரம்பித்திருந்தது.

சூப்பர்வைசர் என்பவர் தோளெல்லாம் சிராய்ப்போடு நின்றார். உள்ளே போகப் பார்த்து அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். "தீயணைப்பு வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசல்ல நிக்குதும்மா. முக்கால் மணி நேரம் ஆகுமாம். வேற கம்பி கொண்டு வர்ற வண்டியும் அதே பாலத்துலதான் நிக்குது" என்றார்.

நான் குழிக்குள் எட்டிப் பார்த்து அவனைக் கூப்பிட்டேன்.

"அக்கா!" குழாய் அந்தக் குரலைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. "பயப்படாத. வயித்துக்குத்தான் வந்திருக்கு."

பயப்படாதே என்கிறான்! குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, தலையை எங்கள் பக்கம் வைத்துக் கிடக்கிறான். அவனுடைய கால் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. 

"ஒரு கயிறு அவன் கைக்குப் போனா போதும். அக்குளில் கட்டிக்கிட்டான்னா இழுத்துடுவோம். அந்தக் கயிறைக் கொண்டு போறதுக்குத்தான் ஆளில்ல" என்று தலையில் அடித்துக்கொண்ட சூப்பர்வைசர், அப்போதுதான் இவர் அக்குளைப் பார்த்தார். "சார், அது உள்ள போகுமா?"

 லாரியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.  "இதை இன்னும் பக்கெட்ல போட்டுப் பாக்கல" என்றார் மெதுவாக.

"பக்கெட்டாவது மண்ணாங்கட்டியாவது, இறங்குங்க!" என்றேன்.

அவர் அந்தக் குழிக்குள் இறங்கியதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இரும்புப் படிகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலால் அடுத்த படியைத் துழாவித் துழாவி இறங்கினார். அடியில், குழாய் வாய்க்குக் கீழே, கணுக்கால் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் பாதம் பட்டதும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் இல்லை, இருமலும் இல்லை. நானும் பின்னாலேயே இறங்கினேன். அந்த உடம்போடு அந்தக் குழிக்குள் இன்னொரு ஆள் நிற்க இடம் எங்கே? அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் எங்கள் தலைக்கு மேல் படியில் நின்று டார்ச் அடித்தார்.

லாரியின் பின்பக்கத்தில் ஆரஞ்சு நிற நைலான் நூலைக் கட்டினார்கள். நூலின் மறுமுனையில் கயிறு. தம்பி நூலைப் பிடித்து இழுத்தால் கயிறு அவனிடம் போய்விடும். நூலைச் சிக்கில்லாமல் விடுகிற வேலை எனக்கு. இவர் லாரியின் கூரையில் ஒரு சின்ன டார்ச்சை வைத்து டேப் சுற்றினார். ரிசீவரின் ஒயரை ஒரு ஸ்ட்ரா குழலில் விட்டு நிமிர்த்தி வைத்தார், அது தண்ணீருக்குள் போனால் ரிமோட் அனுப்பும் ரேடியோ சிக்னல் கிடைக்காதாம். ஒரு முடிச்சுகூடத் தப்பாகப் போடவில்லை. லாரியைக் குழாய் வாயில் வைத்து, டப்பாவின் பக்கம் ஒரு விநாடி குனிந்து எதையோ அழுத்திவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

லாரி கிளம்பியது. குறுக்குக் குழாய்க்கு அடியில் நுழைந்து போயிற்று. கேபிள்களின் மேல் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழப் போய், சமாளித்துக்கொண்டது. பிறகு சேறு. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பின்னுக்கு எடுத்து முன்னுக்கு விடுகிறார், மறுபடி பின்னுக்கு. மோட்டார் உறுமுகிறது. என் கையிலிருந்து நூல் ஒரு முழம் போகும், நிற்கும், அரை முழம் போகும்.

"அக்கா, வெளிச்சம் தெரியுது! மாமா வண்டியா அது? மாமா எங்க, வீட்டுல கட்டிலுக்கு அடியில இருக்காரா?"

"இங்கதான்டா இருக்காரு. வாயை மூடிக்கிட்டுக் கிட."

"மாமா குழிக்குள்ளயா?"  பிறகு, "அப்ப நிலைமை மோசம்தான் போல" என்றான். சிரித்தானா அழுதானா தெரியவில்லை. "நெஞ்சுக்கு வந்துடுச்சுக்கா."

இருபது மீட்டர் போயிருக்கும். ஒரு மண்மேட்டின் மேல் ஏறியதும் மோட்டார் சத்தம் நின்றுபோயிற்று. இவர் விசையை அழுத்தினார். ஒன்றுமில்லை. விட்டு விட்டு அழுத்தினார். ஒன்றுமில்லை.

"தண்ணி பூந்துடுச்சு. போச்சு. இழுங்கம்மா, வெளிய எடுத்துத் துடைச்சுத் திரும்ப விடலாம்" என்று சூப்பர்வைசர் மேலிருந்து கத்தினார். நான் நூலை இறுக்கிப் பிடித்தேன்.

"இழுக்காத!" என்றார் இவர். அவர் குரல் அவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதே இல்லை. "எல்லாரும் சும்மா இருங்க. மூச்சு விடாதீங்க."

ரிமோட்டில் வேறு எதையோ திருப்பினார். இருட்டுக்குள் தூரத்திலிருந்து வந்தது, கீச்... கீச்... முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவின் சத்தம்.

"உயிர் இருக்கு" என்றார். "சக்கரம் திரும்புது. தண்ணி பூந்திருந்தா இதுவும் போயிருக்கும். கண்ட்ரோலர் சூடாயிடுச்சு. சூடானா அது தன்னாலயே கரண்டை நிறுத்திடும். ஆறினா ஓடும்." அவர் முகம் கோணிப்போயிற்று. "நான்தான் அதை மூடி வச்சேன். காத்துப் போகாம மூடி வச்சேன்."

"ஆற எவ்வளவு நேரம் ஆகும்?" சூப்பர்வைசர் கேட்டார்.

"இப்படியே இருந்தா அரை மணி நேரம். டப்பா மேல தண்ணி பட்டா அஞ்சு நிமிஷம்." உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டார். "தண்ணி வரட்டும்."

 சூப்பர்வைசர் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், குழாய் கீழ சரியுது. வண்டி நிக்கிற இடம் அவன் கிடக்கிற இடத்துக்கு ஒன்றரைச் சாண் மேல. வண்டி முங்குற அளவுக்குத் தண்ணி வந்தா அவனுக்குத் தாடையைத் தாண்டிடும்."

"தெரியும்" என்றார் இவர்.

எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது. பதினான்கு வருஷத்தில் அவரை 'நீங்க' என்று தவிர நான் கூப்பிட்டதில்லை. எவ்வளவு சண்டையிலும் அது மாறியதில்லை. "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று அவர் முதுகில் குத்தினேன். "என் தம்பி முங்கட்டும்னு உக்காந்திருக்கியா? உன் தப்பு, உன் பயம், அதுக்கு அவன் சாகணுமா? நான் இழுக்கப் போறேன்!"

"இழுத்தா வண்டி திரும்ப அங்க போய்ச் சேர நேரம் இல்ல. மேட்டுல ஏறினதே பெரிய பாடு. டப்பா அப்பவும் சூடாத்தான் இருக்கும்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அடிச்சுக்கோ. எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கோ. நூலை மட்டும் இழுத்துடாத."

நான் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று கேட்டால், டப்பா நன்றாக மூடியிருக்கிறது என்று நம்பினேன். அவரைத் திட்டிக்கொண்டே அந்தக் கையை நம்பினேன். எத்தனை டிஷ்யூ காகிதங்களை அவர் உதட்டில் வைத்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்! தண்ணீர் வரும், வண்டி ஆறும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நூலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"தோளுக்கு வந்துடுச்சுக்கா" என்றான் தம்பி. இப்போது அவன் விளையாட்டாகப் பேசவில்லை. "வெளிச்சம் ஏன் நின்னுடுச்சு? வண்டி வரலையா?"

"வரும்டா. மாமா அனுப்புவாரு."

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சின்ன வயதில் அவனைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்று சூப்பர்வைசர் பிறகு சொன்னார். எங்கள் கணுக்காலைச் சுற்றியும் தண்ணீர் நின்றது. இவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. குழாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். தூரத்தில் லாரியின் வெளிச்சம் சுவரில் நெளிய ஆரம்பித்தது. தண்ணீர் அதைத் தொட்டுவிட்டது. வெளிச்சத்தின் நிறம் மாறிப் பழுப்பாயிற்று. டார்ச்சும் முங்கிவிட்டது என்று அர்த்தம்.

இவர் விசையை அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி எண்ணினார். அழுத்தினார். ஒன்றுமில்லை.

"அக்கா..." என்று ஆரம்பித்த தம்பியின் குரல் பாதியில் கொப்பளித்து நின்றுபோயிற்று. இருமல் கேட்டது. நான் நூலைச் சுற்றிக் கையில் இறுக்கினேன். இன்னொரு விநாடி போயிருந்தால் இழுத்திருப்பேன்.

மூன்றாவது தடவை அழுத்தியதும் தண்ணீருக்கடியில் மோட்டார் உறுமியது. நூல் என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரு முழம், இரண்டு முழம், அப்புறம் நிற்கவே இல்லை. தண்ணீருக்கு மேல் அந்த ஸ்ட்ரா மட்டும் தெரிந்தது, அதுவும் சீக்கிரம் கண்ணுக்கு மறைந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டினார், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு.

"பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்க்கா!"

மேலே இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. நூலை அவன் இழுத்தான், கயிறு போயிற்று. அக்குளில் கட்டிக்கொண்டதும் மூன்று பேர் மேலிருந்து இழுத்தார்கள். குறுக்குக் குழாய் இடுக்கில் முட்டி இடித்தபோது அவன் போட்ட அலறலை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் வந்துவிட்டான். முகமெல்லாம் சேறு, உதடு நீலம். ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருந்தான், இன்னொரு கையால் லாரியை நெஞ்சோடு அணைத்திருந்தான். "விட்டுட்டு வந்தா மாமா திட்டுவாரு" என்றான். அவனை ரோட்டில் படுக்கவைத்த பிறகுதான் தீயணைப்பு வண்டியின் மணிச்சத்தம் கேட்டது.

இவரைக் குழியிலிருந்து மேலே ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.  ரோட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எனக்கு அப்போது அவரைப் பார்க்க நேரமில்லை.

தம்பிக்குக் காலில் கட்டுப் போட்டு எங்கள் வீட்டில்தான் படுக்க வைத்திருந்தோம். பல் டாக்டரும் தபால்காரரும் வந்து பார்த்துவிட்டு, "இனிமே முயல்னு கூப்பிட மாட்டோம்பா" என்றார்கள். இவர் சிரிக்கவில்லை. அந்த லாரியை ஒரு வாரமாக அவர் தொடவே இல்லை, அலமாரிக்கு மேல் சேறு காய்ந்துபோய்க் கிடந்தது. நானும் அவரை 'நீ' என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று இருந்தேன், வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். இவர் லாரியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, டப்பாவின் மூடியைத் திறந்தார். நான் எதிரில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவைச் சாய்த்தார். பழுப்பாகத் தண்ணீர் மேஜையில் வழிந்தது, நாலைந்து ஸ்பூன் இருக்கும். கண்ட்ரோலரின் ஒயர் முனைகள் பச்சை பிடித்திருந்தன.

"ஒழுகியிருக்கு!" என்றேன்.

"ஆமா."

அந்த 'ஆமா'வில் ஆச்சரியமே இல்லை. நான் துடைப்பதை நிறுத்தினேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தார். "குழாய் வாயில வைக்கும்போது விரல்ல தட்டுப்பட்டுச்சு. ஒயர் பக்கத்துல பசை சரியாக் காயல. நகத்தால நெம்பினா அப்படியே கையோட வந்துச்சு. கட்டை விரலால அழுத்தி விட்டேன், வேற என்ன பண்றது?"

"ஓட்டைன்னு தெரிஞ்சுதான் தண்ணி வரட்டும்னு சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான். முதல்ல ஆறுமா, முதல்ல நனையுமான்னு எனக்குத் தெரியாது. உள்ள வந்த தண்ணியாலதான் சீக்கிரம் ஆறுச்சோ என்னவோ, அதுவும் தெரியாது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா செத்திருக்கும்."  "எண்ணிக்கிட்டே இருந்தேன். எதுக்கு எண்ணுறேன்னே தெரியாம எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ இழுத்திருப்ப. நூல் உன் கையிலதான இருந்துச்சு?"

சண்டைக்கு வாயைத் திறந்தேன்.  இழுத்திருப்பேன். அதில் சந்தேகமே கிடையாது. அந்த டப்பாவில் ஓட்டை இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டே அந்த நூலை இழுத்திருப்பேன். லாரி நனையாமல் என் காலடிக்கு வந்து சேர்ந்திருக்கும். அங்கே அவன் தாடைக்கு மேல் தண்ணீர் ஏறியிருக்கும். என் கையாலேயே அவனைக் கொன்றிருப்பேன். இது எல்லாம் தெரிந்துகொண்டு, நான் குத்திய குத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, என் முன்னால் அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அந்தக் குழிக்குள் தம்பிக்காகப் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

உள்ளறையில் தம்பி புரண்டு படுத்து ஏதோ முனகினான். கையிலிருந்த தட்டு மேஜையில் பட்டு கடகடவென்று ஆடியது. இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைகள் இரண்டையும் மடியில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.